விடுபடாத நோன்பு

கள்ளக்குறிச்சி,
6.7.2025

அருமை மகள் ஹப்சாவுக்கு அம்மாவின் ஸலாம்.

விடுதியில் போனைத்தானே வாங்கி வைத்தார்கள், பேனாவையுமா? லீவுக்கும் வரவில்லை. நீ நோன்பு பிடிப்பதாக வார்டன் சொன்னார். மாதவிலக்கில் விட்டுப்போன ரமலான் நோன்புகளைத்தானே பிடிக்கிறாய்? நான் சோம்பேறி, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! பக்கத்து வீட்டு பாயிஸா, "இந்தக் காலத்துல இப்டி ஒரு பொண்ணா!" என்கிறாள். உன் அத்தா, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போகிறார். பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா,
ரஜியா

திருக்கோவிலூர்,
14.7.2025

அன்பு அம்மாவுக்கு ஸலாம்.

பரீட்சை மேல் பரீட்சை, கோபிக்காதே. விட்ட நோன்பு இல்லை அம்மா. ரமலானில் எனக்கு ஒன்றுமே விடுபடவில்லை. இது நானாகப் பிடிப்பது. சுடிதார் தொளதொளக்கிறது, என் அறையில் இருக்கும் சந்தியா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். பலகாரம் எதுவும் அனுப்பாதே. நன்றாக இருக்கிறேன்.

ஹப்சா

கள்ளக்குறிச்சி,
27.7.2025

ஹப்சா கண்ணு,

ஒன்றுமே விடுபடவில்லை என்று எழுதினாய். முதலில் பெருமையாகத்தான் படித்தேன். சோறு வடிக்கும்போதுதான் சுருக்கென்றது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு மாசம் முழுக்க எப்படி விடுபடாமல் இருக்கும்? உனக்கு எப்போதிலிருந்து நின்றுபோயிருக்கிறது?

நேற்று ஊருக்கு வந்த சந்தியா கடையில் என்னிடம் அழுதாள். "விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கறதே இல்லீங்க ஆன்ட்டி. நோன்பு தொறக்கும்போதும் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில வச்சிக்கினு குந்தினு இருக்கா. குண்டாயிட்டேன்னு கண்ணாடியையே பாக்கறா" என்றாள். அவளைத் திட்டாதே.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பார்த்தேன். இது பிடிவாதம் இல்லையாம், நோயாம். உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம், தள்ளிப்போட்டால் இதயத்துக்கே ஆபத்தாம். ஊரெல்லாம் மெச்சியபோது என் பிள்ளை வாடிக்கொண்டிருந்தாளே!

நோயாளிக்கு நோன்பு இல்லை, கண்ணு. உன்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வெள்ளிக்கிழமை நானும் அத்தாவும் வருகிறோம். வார்டனிடம் அனுமதி வாங்கிவிட்டோம். உன்னை யாரும் திட்டமாட்டார்கள். ஒரு வரியாவது எழுது.

அம்மா

திருக்கோவிலூர்,
30.7.2025

அம்மா,

சந்தியா சொன்னது நிஜம். நோன்பு என்றால் ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான்.

டாக்டர் ரூமுக்குள் நீயும் கூட வா. சாப்பாடு மட்டும் எடுத்து வராதே, பயமாக இருக்கிறது.

இன்றைக்கு நோன்பு இல்லை, அம்மா. காலையிலிருந்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் வேண்டாம், இது கையில் கிடைத்ததுமே புறப்பட்டு வா.

ஹப்சா