பால் காய்ச்சிய வீட்டில் நான் ஏற்றிய விளக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளை சிவகணேசும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க காந்திமதி அம்மன் துணையிருக்கட்டும். போனில் சொல்லலாம் என்றால், வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் எதையும் சொல்லாதே என்று அப்பா பக்கத்தில் நின்று கையைக் காட்டுகிறார், அதனால்தான் உளுந்து மாவும் கருப்பட்டியும் அனுப்புகிற பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

பக்கத்து மனையை வள்ளியூர்க்காரர் செந்தூர்பாண்டி வாங்கி வீடு கட்டுகிறார் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றித்தான். நகராட்சியில் அவர் வாங்கிய பிளானில் ஒரு மாடிதான், நம் பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட வேண்டும். எழும்பி நிற்பதோ மூன்று மாடி, விட்ட இடம் ஒரு சாண்கூட இல்லை. பிள்ளை பெற்று வந்து நீ படுக்கப் போகிற பின்னறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டு வைத்திருந்தேன். இப்போது அந்த ஜன்னலைத் திறந்தால் பூசாத செங்கல்தான் முகத்துக்கு நேரே நிற்கிறது, பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது, காற்று என்பதே கிடையாது. போதாததற்கு நடுவில் ஓடிய வாறுகாலையும் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள், நம் வீட்டுத் தண்ணீர் போக வழியில்லாமல் முற்றத்தில் கட்டி நிற்கிறது, கார்த்திகை மழைக்கு அது நேரே அந்த அறைக்குள்தான் ஏறும். பச்சை உடம்போடு நீயும் குழந்தையும் கிடக்க வேண்டிய இடம் அது.

அவர்கள் அஸ்திவாரம் போடும்போதே அப்பா நகராட்சியில் மனு கொடுத்தார், அப்போதே வந்திருந்தால் ஒரு வரிசைக் கல்லோடு முடிந்திருக்கும். கட்டட ஆய்வாளர் இரண்டாம் மாடி எழும்பிய பிறகு வந்தார், டேப் பிடித்து அளந்தார், விதிமீறல்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார், அங்கேயே காபி குடித்துவிட்டு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் கொத்தனார் அந்த நோட்டீஸ் மேலேயே சாந்தைப் பூசிவிட்டார். அப்பா போய் ஆய்வாளரிடம் கேட்டதற்கு, "நோட்டீஸ் குடுத்தாச்சுல்லா அண்ணாச்சி, பைய நடவடிக்கை வரும்" என்றாராம். பைய என்றால் எப்போது, என் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதா. நம் வாசலில் வெயிலுக்கு ஒரு தகரம் இறக்கியதற்கு மட்டும் மறுநாளே ஆள் வந்து கழற்றச் சொன்னது உனக்கு நினைவிருக்கும்.

கடைசியில் சீல் வைக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் செந்தூர்பாண்டி அவசரமாக ஒரு முகூர்த்தம் பார்த்து, மேல்மாடி பூசாமலே பால் காய்ச்சிக் குடியேற ஏற்பாடு செய்துவிட்டார். அவர் பெண்சாதி முத்துராணி குங்குமச் சிமிழோடு வந்து, "மதினி, வம்பு வழக்கெல்லாம் ஆம்பளையளோட, நீங்க வந்து வெளக்கேத்தாம எங்க வீட்ல பால் பொங்குமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலேறி வந்து நல்ல காரியத்துக்கு அழைக்கிறவளிடம் வரமாட்டேன் என்று நம் சனத்தில் யார்தான் சொல்வார்கள். போனேன், விளக்கேற்றினேன், படம் பிடித்தார்கள், பாலையும் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அப்பா ஆபீசுக்குப் போனால் ஆய்வாளர் அந்தப் படத்தைச் செல்போனில் காட்டி, "அக்காவே வெளக்கேத்தியிருக்காவ, உங்களுக்குள்ள சமாதானம் ஆயிட்டுன்னு மனுவை முடிச்சாச்சு, ஆள் குடியிருக்க வீட்ட இனி இடிக்கவா முடியும்" என்றிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். விளக்கேற்றினால் நன்றாக வாழுங்கள் என்று அர்த்தம், என் பிள்ளைக்கு வருகிற காற்றை அடைத்துக்கொள்ளுங்கள் என்றா அர்த்தம். வெட்கங்கெட்டவர்கள்.

அறை சரியில்லை என்றால் ஆழ்வார்குறிச்சியில் தங்கள் வீட்டிலேயே உன்னை வைத்துக்கொள்கிறோம் என்று உன் மாமியார் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வைத்துக்கொள்ள முடியாத வீடாக இதை ஆக்க நான் விடமாட்டேன். வளைகாப்பை இங்கேயே வைக்கச் சம்பந்தியிடம் பேசிவிட்டேன். நேற்று அப்பாவை இழுத்துக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு ஆய்வாளர் வீட்டுக்கே போனேன். "நீங்க வந்துதான் பிள்ளைக்கு வளையல் போடணும் தாயி" என்று அவர் பெண்சாதியிடம் சொன்னேன், அந்தப் பெண் முகம் மலர்ந்து கட்டாயம் வருகிறோம் என்றாள். பந்தி பின்னறையில்தான், அவருக்கு இலை ஜன்னலோரம். கரண்ட் இருந்தாலும் அன்றைக்கு அங்கே ஃபேன் ஓடாது, அது என் பொறுப்பு. ஜன்னலைத் திறந்து வைத்து, பின்னால் செங்கல் தெரிய, வேர்க்க விறுவிறுக்க அவர் சாப்பிடுவதைப் படம் எடுத்துக் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு நானே கொண்டு போவேன். ஒரு படத்தைக் காட்டி மனுவை முடிக்கலாம் என்றால் இன்னொரு படத்தைக் காட்டித் திறக்கவும் செய்யலாம்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, படியில் பார்த்து இறங்கு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேருங்கள். இருட்டிலும் தெளிவாகப் படம் எடுக்கும் என்று புதுப் போன் ஒன்று வாங்கினாயே, அதை மறக்காமல் எடுத்து வா. நம் பின்னறையில் பட்டப்பகலிலேயே அது வேண்டியிருக்கிறது.

உன் அம்மா
ஆவுடைத்தாய்