சீட்டுக்கு அடியில் முடிந்த பைப்

மார்ச் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். என்னை விட்டுப் போனவர்கள் எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறார்கள். போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

விஷயம் என் பழைய பிக்கப் வண்டியைப் பற்றியது. அடுத்த மாதம் பழைய வண்டிகள் கண்காட்சி. பெயின்ட் முடிந்தது, குரோம் பளபளக்கிறது. சத்தம்தான் பாக்கி. பழைய சைலன்ஸரோடு கேட்டால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. அதை அறுத்து எறிந்துவிட்டு, தெருமுனை வெல்டரிடம் தற்காலிகமாக ஒரு வெறும் பைப் போட்டு இரண்டு மாதமாக ஓட்டுகிறேன். பாப்பாகூட "சவுண்டு சூப்பர்ப்பா" என்கிறாள். கண்காட்சிக்கு இரட்டைப் பைப் வேண்டும், தடுப்பில்லாத சின்ன சைலன்ஸர் இரண்டோடு. உன் அப்பா விட்டுப்போன பட்டறை லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் பைப் வளைக்கிற இடம் என்று தெரியும். இருந்தாலும் ரசனையுள்ள வேலை ஒன்றைச் செய்து பார்க்க உனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன்.

ஞாயிறு வழக்கம்போல் பாப்பாவை அழைத்துப்போக வருவேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

வாய்ப்புக்கு நன்றி. உங்கள் கடிதத்தைப் பட்டறை ஆட்களுக்குப் படித்துக் காட்டினேன். டீ நேரம் நன்றாகப் போயிற்று.

உங்கள் இன்ஜினில் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. புகை வெளியே வருவது ஒரே வாய் வழியாக. அதற்கு ஒரு பைப் போதும். இரண்டாவது பைப் ஒரு கையில் இரண்டு வாட்ச் கட்டிக்கொள்கிற மாதிரி. உள்ளே தடுப்புள்ள பெரிய சைலன்ஸர் ஒன்று, பின் பம்பரைத் தாண்டி வெளியே வரும் முழு நீளப் பைப் ஒன்று, அவ்வளவுதான். அது அடக்கமாக உறுமும். அடக்கம் என்றால் என்ன என்று உங்களுக்குப் புரியவைக்க ஒரு கடிதம் போதாது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தற்காலிகப் பைப் எங்கே முடிகிறது? ஞாயிறு மாலை உங்களோடு சுற்றிவிட்டு வந்தாலே பாப்பா தலைவலி என்று படுத்துவிடுகிறாள். போன வாரம் வாந்தியும் எடுத்தாள். கண் டாக்டரிடம் காட்டினேன், கண்ணில் குறையில்லை என்றார்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 8

பாப்பாவின் அம்மாவுக்கு,

லாரிக்கடைப் புத்தி லாரியைத் தாண்டாது என்று தெரிந்தும் கேட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

பைப் சீட்டுக்கு அடியில் முடிகிறது. நான்தான் அங்கே வெட்டச் சொன்னேன். "பின்னால வரைக்கும் கொண்டு போயிடலாமே அண்ணே" என்று வெல்டர் இழுத்தான். "சத்தம் ரோட்டுல போறவன் காதுக்கா, என் காதுக்கா?" என்றேன். வாயை மூடிக்கொண்டு வெட்டினான்.

தலைவலிக்குக் காரணம் வேண்டுமானால், வாரம் முழுக்க உன் வீட்டில் அவள் கேட்கும் புலம்பலைப் பார். என்னோடு இருக்கும்வரை சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இரட்டைப் பைப்பில் மாற்றமில்லை.

பாப்பாவின் அப்பா


மார்ச் 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று பாப்பாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாடியில் என் அண்ணனிடம் கண்காட்சியைப் பற்றி அளந்துகொண்டிருந்தீர்கள். அப்போது நான் கீழே உங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே தலை வலித்தது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் தரையில் துருப்பிடித்த ஓட்டை. பைப்பின் வாய் அதற்கு நேர் கீழே. அந்தப் புகையில் இருக்கும் விஷம் ஆளைத் தூங்கவைத்தே முடித்துவிடும். ஓட்டையை அடைக்காமல் மேலே புதுக் கார்ப்பெட் போட்டிருக்கிறீர்கள். உங்களோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது ஆச்சரியமில்லை.

நீங்கள் முழங்கையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு ஓட்டுவீர்கள். அவள் பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கக் கூடாதாம். கைப்பிடி ஒரிஜினல், உடைந்தால் கிடைக்காதாம்.

"அப்பாகிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் சவுண்டு எப்படின்னு கேப்பாரும்மா. நல்லாயில்லைன்னா முகம் வாடிடும்" என்றாள். எட்டு வயதுப் பெண் உங்கள் முகத்தைக் காப்பாற்றிவிட்டு வந்து இங்கே வாந்தி எடுத்திருக்கிறாள். உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது.

வண்டியை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நானே செய்து தருகிறேன்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 14

பாப்பாவின் அம்மாவுக்கு,

வண்டியை அனுப்பியிருக்கிறேன். இழுத்துக்கொண்டு போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. தெரியாமல் நடந்துவிட்டது, அதற்கு மேல் என்ன சொல்ல. ஒரே பைப்பாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கனத்த சத்தம் போய்விடாமல் பார்த்துக்கொள். பைப்பைக் கொஞ்சம் அகலமாக எடுத்தால் கிடைக்கும் என்கிறார்கள். நுனி குரோமில் இருந்தால் பம்பரோடு பொருந்தும். ஸ்டார்ட் செய்ததும் எப்படிக் கேட்கிறது என்று உடனே எழுது. கண்காட்சி நெருங்குகிறது.

பாப்பாவின் அப்பா


மார்ச் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

வண்டி தயார். தரை ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டு செய்துவிட்டேன். பைப் பம்பரைத் தாண்டி வருகிறது, நுனி குரோம்தான். சத்தம் நீங்கள் ஆசைப்பட்டதைவிட நன்றாக இருக்கிறது. ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள். எடுத்துப்போய்க் கண்காட்சியில் நிறுத்துங்கள்.

மேஜைமேல் இருந்த உங்கள் கடைசிக் கடிதத்தைப் பாப்பா எடுத்துப் படித்துவிட்டாள். முடித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு பக்கம் இருக்காம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அவளுக்குத் தலைவலி நின்றுவிட்டது.

பாப்பாவின் அம்மா