கவாத்துக் குச்சியும் அமீபாவும்

உம்முடைய சம்சாரம் இன்று காலை ஒரு கூடை திராட்சை கொண்டுவந்தார். உம்மைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூடையை வாங்கும்போதே அந்தப் பழவாசனை மூக்கில் ஏறியது. எனக்கு வந்தது துக்கமல்ல ஐயா, கோபம்.

அந்தக் கொடியை முதலில் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் நட்டவள் என் மனைவி ஞானம்மாள். கவாத்துச் செய்த அன்று, வெட்டிப்போட்ட குச்சிகளை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப்போவது வழக்கம். அடுத்த வீட்டுக்காரர் நீரும் மதில்மேல் எட்டி ஒரு கட்டு வாங்கினீர். "தண்ணி ஊத்துங்க வாத்தியாரே, செத்துப்போச்சுன்னு வந்து நிக்காதீங்க" என்று அவள் கேலி செய்தாள். நீரும் சிரித்தீர்.

பிளேக் அவளைக் கொண்டுபோயிற்று. என்னை ஊருக்கு வெளியே கொட்டகையில் தங்கவைத்துவிட்டு, வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் கொடியை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். திரும்பி வந்தால் உம் பந்தலில் குலை குலையாகத் தொங்குகிறது. ஒரு குச்சி கேட்டேன். ஒன்றே ஒன்று!

"அது வேற, இது வேற. அந்தக் கொடி செத்துப்போச்சு. இது என் மண்ணுல வேர்விட்ட புது உயிர். உம்ம சம்சாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றீர். லால்பாக் தோட்டத்துக் கண்காட்சியில் அந்தத் திராட்சையை உம்முடைய சொந்த ரகமென்று சொல்லிப் பரிசு வாங்கியிருந்தீர். வேறெப்படிப் பேசுவீர்?

அடப்பாவி மனுஷா! பள்ளிக்கூடத்தில் நீர் நடத்திய அமீபா பாடம் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய என் காதில் விழாமலா இருந்தது? "ஒண்ணு ரெண்டாப் பிரியுது. செத்தது எது? பிணம் எங்கடா?" என்று மேசையைத் தட்டுவீர். பழைய உயிர்தான் இரண்டிலும் ஓடுகிறது என்பீர். கொடிக்குத்தான் பிணம் இருந்ததே என்று வாதாடுவீர், தெரியும். எரிவதற்கு முன்பே அதன் உயிர் குச்சியோடு உம் வீட்டுக்கு வந்துவிட்டதே, அதற்கென்ன பதில்? அமீபாவுக்கு ஒரு நியாயம், ஞானம்மாள் கொடிக்கு ஒரு நியாயமா?

அன்றோடு உம்மிடம் பேச்சை நிறுத்தினேன். சாவுக்கும் வரவில்லை.

இன்று உம் சம்சாரம் கூடையை நீட்டிக்கொண்டே, "உங்க வீட்டம்மா வெச்ச கொடிதானே அண்ணா. குலை வெட்டறப்பல்லாம் அவரே சொல்வாரு" என்றார். ஆக, உம் வீட்டுக்குள் அது அதே கொடி. என்னிடம் மட்டும் வேறு!

ஆத்திரத்தோடே ஒன்றை வாயில் போட்டேன். தோலில் அதே புளிப்பு. முதல் குலையில் ஒரு பழத்தைக் கடித்துவிட்டு ஞானம்மாள் ஒரு கண்ணை மூடி முகத்தைச் சுளித்தாளே, அந்த முகம் அப்படியே வந்து நின்றது. அவளைப் படம் எடுத்து வைக்க எனக்கு வாய்க்கவில்லை. வருஷாவருஷம் அந்த முகம் எனக்கு மங்கிக்கொண்டே போனது. மதிலுக்கு அந்தப்பக்கம் அது காய்த்துக்கொண்டிருந்திருக்கிறது; நீரும் தின்றுகொண்டிருந்திருக்கிறீர். உம்மை மன்னிக்க மாட்டேன்.