எடில்பெர்த்தோ ஒட்டிய இலை

அன்புள்ள சாத்துர்னினோவுக்கு,

உங்கள் இடுப்புவலி தேவலையா? இந்த வருடமாவது பனி நம் உருளைக்கிழங்கை விட்டுவைத்ததா? லிமாவில் நான் சுகம்.

நான் கூட்டிப் பெருக்கும் இந்த அரசு அறிவியல் கல்லூரியில், அறுபது வருடம் முன்பு தகரக் கொட்டகையில் தொடங்கிய நாள் முதல் மாணவர்கள் உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகள் பீரோ பீரோவாக இருக்கின்றன. நம் மகன் எடில்பெர்த்தோ படிக்கும்போது ஒட்டியதும் அங்கேதான் இருந்தது, அவன் கையால் எழுதிய பெயரோடு.

போன வாரம் பீரோவில் வண்டு விழுந்தது. "அரிச்சதை எரிச்சிடுங்க" என்றார் பேராசிரியர் இல்டா அம்மா. அவன் தாளில் இரண்டு ஓட்டை. அவனைப் புதைத்த எனக்கு இதை எரிக்க மனம் வரவில்லை. பாவாடைக்குள் ஒளித்து என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கூட வேலை செய்யும் நெலிடா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, ரெண்டு ஓட்டைக்கு யாருடி எரிக்கப்போறா? ஐஸ்பெட்டியில வச்சிருந்தா வண்டு செத்திருக்கும். நீ வண்டையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்து விருந்து வச்சிருக்கே!"

இன்று பார்த்தால் இலை பொடியாகிவிட்டது. அரிப்பு அவன் பெயரின் முதல் எழுத்துவரை வந்துவிட்டது. நீங்கள் கவலைப்படாதீர்கள். இப்போதே கொண்டுபோய்க் கொடுத்து, ஐஸ்பெட்டியில் வைத்து அவன் பெயரையாவது காப்பாற்றச் சொல்லி இல்டா அம்மா காலில் விழப்போகிறேன். வேலை போனாலும் போகட்டும்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். வீட்டில் அவன் பழைய நோட்டு இருந்தால், அவன் பெயர் எழுதிய பக்கத்தைக் கிழிக்காமல் நோட்டோடு அனுப்புங்கள். கல்லூரிக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் ஃபோர்த்துனாத்தா