சந்தனம் பூசிய ஒயர்

1998 புரட்டாசி, ஆயுத பூஜைக்கு மறுநாள் இரவு.

கண்ணை மூடினால் செல்வத்தின் காதுதான் தெரிகிறது.

காலையில் பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறைந்துவிட்டன. நெட்வொர்க் பார்க்கிற என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனி இருக்கும் மண்ணரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, முதலாளி கட்டிங் டேபிள் இரும்பு ஸ்கேலால் எலக்ட்ரீஷியன் செல்வத்தை வெளுத்துக்கொண்டிருந்தார். "நேத்துத் தொடச்சவன் நீதானேடா, என்னத்தப் புடுங்கித் தொலைச்ச?" காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

கம்ப்யூட்டர் ஒயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சைப் பார்த்தேன். ஒரே ஒயரின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் சொருகியிருந்தன. போன தகவலே சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. சுவிட்சுக்குள் இதற்கென்றே இருக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற காவல் ஏற்பாடு ஓடியிருந்தால் அந்தச் சுற்றைத் தானே துண்டித்திருக்கும். கம்ப்யூட்டர் கிளம்ப லேட்டாகிறது என்று அதை நிறுத்தச் சொன்னவர் முதலாளிதான்.

ஒயரைப் பிடுங்கியதும் எல்லாம் ஓடின. முனையில் காய்ந்த சந்தனம். மெஷின்களுக்குச் சந்தனம் வைப்பது முதலாளி மட்டும்தான்.

"ஏனுங்க, இதச் சொருகினது நீங்களா?"

"தொங்கிட்டுக் கெடந்துச்சு. பூஜையன்னிக்கு லட்சணமா இருக்கோணுமில்ல?"

ஸ்கேலை அவர் கீழே வைக்கவில்லை. செல்வம் காதைப் பொத்திக்கொண்டே என்னிடம் சொன்னான்: "பொட்டு வெச்ச ஒயருங்க, கால் படாம வையுங்க."

அந்த ஸ்கேலைப் பிடுங்கி முதலாளியின் மண்டையைப் பிளக்காமல் வந்துவிட்டேன். கை இன்னும் அதைத் தேடுகிறது.