என் நாலாம் வருடம்

ஓகஸ்ட் 12, செவ்வாய். மடு

காற்று, புழுதி. மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்ட தறப்பாள் கூடாரம் இரண்டு தரம் கழன்று பறந்தது. அப்பா கல் பொறுக்கிக் கட்டினார். தண்ணீர் வரிசை நீளம். காலை நான், பின்னேரம் அம்மா.

மூன்றாம் வருட ரெஜிஸ்ட்ரேசன் இன்று திறந்தது. வெள்ளி பின்னேரம் மூடும். திருவிழாவுக்கு வந்த சனம் முழுக்க போனும் கையும், நெற் இழுபடுகிறது. கம்பஸ் பக்கம் திறக்கிறது, பெயர் கேட்கிறது, பிறகு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. படிப்பிக்கிறது கம்பியூட்டர் சயன்ஸ், வைத்திருக்கிற சிஸ்டம் இது. எழுதின ஆளைக் கண்டால் கும்பிடவேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

போடவேண்டியவை:
– நாலு வருட ஸ்பெஷல். இதுதான் முதல். இப்போது தெரிவு செய்யாவிட்டால் மூன்று வருடத்தோடு பொதுப் பட்டம், வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.
– ரிசேர்ச் மெதட்ஸ் (ஸ்பெஷலுக்குக் கட்டாயம்)
– மெஷின் லேர்னிங்
– நெற்வேர்க்ஸ்
– ஆங்கிலம். புள்ளியில் சேர்க்கமாட்டார்கள், பாஸ் பண்ணாவிட்டால் டிகிரியும் தரமாட்டார்கள். என்ன நியாயமோ.

ஸ்பெஷலுக்கு இடம் கொஞ்சம். தகுதிப் பட்டியலில் என் பெயர் வந்த அன்று எங்கள் கீரிக் கடற்கரையில் தனியே நின்று கத்தினேன். நாய் ஒன்று பயந்து ஓடியது.

சு.வுக்கு கோல் எடுத்தேன். சுதன், எங்கள் பற்ச்சில் தமிழ்ப் பிள்ளைகளின் பிரதிநிதி, றெப். ஊர் இலுப்பைக்கடவை. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, ஏழாம் வகுப்பில் ஊர் திரும்பினவன். பதறினால் இன்னும் "ஆமாங்க" வரும். வீட்டில் சிக்னல் இல்லாத பிள்ளைகள், வயலில் நிற்பவர்கள், கோயிலில் நிற்பவர்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் அவனிடம். முதல் வருடத்திலிருந்து இதுதான் வழக்கம். சந்திக் கொமினிக்கேசன் கடையில் குந்தியிருந்து எல்லோருக்கும் போட்டுவிடுவான்.

பொழுதுபட அவனுடைய வொய்ஸ்: "போட்டாச்சு. நாலு வருசம். நீ நிம்மதியாப் போய் மாதாவைக் கும்பிடு."

கும்பிட்டேன். பேன் கடி.


ஓகஸ்ட் 15, வெள்ளி. மடு

திருவிழா. கால் வைக்க இடமில்லை. மாதா சொரூபம் வரும்போது அம்மா அழுதார். ஆருக்காக என்று கேட்டேன். "உனக்குத்தான்." 

பக்கத்துத் தறப்பாளில் ஒருவர் அப்பாவுக்கு: "பட்டதாரிப் பிள்ளையளை அரசாங்க வேலைக்கு அடுத்த வருசத்தோடை எடுத்து முடிக்கப்போறாங்களாம். பிறகு கவுமேந்து வேலை எண்ட கதையே இல்லையாம்." இன்னொருவர் ஓம் ஓம் என்றார். ஆர் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் அப்பா என் போனை வாங்கிக்கொண்டு போனார். அவருடையதில் சார்ஜ் இல்லை, மீன்பிடிச் சங்கத்துக்கு ஒரு கோலாம். திரும்பி வரும்போது எனக்கு ஐஸ்கிறீம். இந்த வயதில். சாப்பிட்டேன்.


ஓகஸ்ட் 18, திங்கள். கீரி

வீடு. மூட்டை அவிழ்த்து உடுப்புத் தோய்த்தது. சிக்னல் வந்தது. கம்பஸ் பக்கம் திறந்தேன், சும்மா பார்க்க.

மூன்று வருடப் பொதுப் பட்டம்.

ஸ்பெஷல் இல்லை. ரிசேர்ச் மெதட்ஸ் இல்லை. அந்த இடத்தில் 'அலுவலக முகாமைத்துவம்'. நான் கேட்காத யூனிட். உலகத்தில் ஒருவரும் கேட்காத யூனிட்.

வெளியேறித் திரும்ப உள்ளே போனேன். அதே. போனை நிறுத்திப் போட்டேன். அதே.

சு. போன் ஓஃப். வீட்டு நம்பருக்கு எடுத்தேன். அவனுடைய அம்மா: "அவன் வெட்டு மெசினோட பரந்தன் பக்கம் வேலைக்குப் போயிருக்கான் புள்ள. அங்க டவர் இல்லையாம்."

என் வாழ்க்கையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நெல் வெட்டப் போயிருக்கிறார் துரை. ஆரோ ஒருவருடைய தெரிவை என்னுடையதில் போட்டிருப்பான். கொப்பி, பேஸ்ட். விசரன். நானும் விசரி, பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்தேனே.

திருத்தக் கடைசி நாள் வெள்ளி, நாலு மணி. அதற்குப் பிறகு என் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

அம்மாவிடம் சொன்னேன். "கடவுள் விட்ட வழி, மூண்டு வருசமும் படிப்புத்தானே," என்றார். பாத்திரத்தை அடித்து வைத்தேன். அப்பா சாப்பிட்ட கையோடு எழும்பிப் போனார்.


ஓகஸ்ட் 19, செவ்வாய்

முதல் பஸ். கம்பஸுக்கு. மன்னார்ப் பாலம் தாண்டும்வரை நின்றுகொண்டு. மதவாச்சியில் மாறினேன். பக்கத்தில் கருவாட்டுப் பெட்டி.

பதிவுக் கந்தோரில் கிளார்க் நோனா தலை நிமிராமல்: "நங்கி, ஹெட்ட எண்ட." நாளைக்கு வரட்டாம். எனக்கு வரும் சிங்களத்தில், நான் மன்னாரிலிருந்து வருகிறேன், நாளைக்கும் வர ஏலாது என்றேன். அட்வைசர் ஒப்பம் வைத்தால்தான் தன்னால் தொடமுடியுமாம். அட்வைசர் மிஸ்ஸின் கதவில் பூட்டு. மீற்றிங். மீற்றிங் முடிய சாப்பாடு. நான் கொரிடோரில் ஒரு உடைந்த கதிரையில். வயிற்றில் ஒரு பிளேன்ரீ.

மிஸ் வந்து கேட்டுவிட்டு: "உம்மடை பாஸ்வேர்டாலைதானே மாத்தியிருக்கு? அப்ப நீர் மாத்தினது எண்டுதான் கணக்கு."

"நான் மாத்தேல்லை மிஸ்."

"அப்ப ஆர்? பாஸ்வேர்டை ஆரிட்டைக் குடுத்தனீர்?"

 பற்ச் முழுக்கக் கொடுத்திருக்கிறது. மிஸ்ஸுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை இப்போதுதான் முதல் முதலில் கேள்விப்படுகிற மாதிரி ஒரு முகம்.

"ஆர் எண்டு எழுதித் தாரும். அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் வைக்கவேணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதல். விசாரணை ஒண்டு வரும், ஆனா உம்மடை இடத்தை நான் பிடிச்சு வைப்பன்."

போன வருடம் இதே மாதிரி விசாரணையில் ஒரு பெடியனை ஒரு செமஸ்டர் நிறுத்தினவர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், மடியில் கொப்பி வைத்துக் கடிதம் எழுதினேன். பஸ் குலுங்கக் குலுங்க. சுதனின் முழுப் பெயர், பதிவு இலக்கம், எல்லாம்.  அவன் நிறுத்தப்பட்டால் படட்டும் என்றுதான் எழுதினேன்.


ஓகஸ்ட் 20, புதன்

காற்று இன்னும் விடவில்லை. முற்றம் முழுக்க மணல்.

பத்து மணிபோல், டவர் உள்ள இடத்துக்கு வந்து சு. கோல். நான் ஹலோ சொல்லவில்லை. நேரே ஏச்சு. அப்படி ஆரையும் ஏசினதில்லை.  முடிந்த பிறகு அவன்:

"நீதானே மாத்தச் சொன்னே?"

"நானோ?"

"ஆமாங்க... இல்ல, உன்ரை நம்பர்லதான் கோல் வந்தது. வெள்ளிக்கிழமை. உங்கப்பா. பிள்ளையும் நாங்களும் கதைச்சு முடிவெடுத்திட்டம், மூண்டு வருசமா மாத்தி விடு தம்பி எண்டார். பிள்ளை கோயிலுக்குள்ளை நிக்கிறா எண்டார். மாதா சந்நிதியில நிண்டு சொல்றார். நான் எப்பிடிப்பா நம்பாம இருக்கிறது?"

ஐஸ்கிறீம்.

 அவன் "ஹலோ, ஹலோ" என்கிறான். பஸ்ஸில் எழுதின கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

கடற்கரை வாடிக்குப் போனேன். அப்பா நிழலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"சுதனுக்கு என்ன சொன்னீங்கள்?"

நிமிரவில்லை. "நல்லதுக்குத்தான் சொன்னனான்."

"ஆருக்கு நல்லது?"

"உனக்குத்தான் பிள்ளை. அடுத்த வருசம் பட்டதாரியளை எடுக்கிறாங்கள். நாலு வருசம் எண்டு இழுத்தா உன்ரை பேர் விடுபட்டுப் போகும். கச்சேரிக் கந்தோரிலை ஒரு கதிரை கிடைச்சாக் காணும். நானும் கொம்மாவும் மாதாவுக்கு நேத்திக்கடன் வைச்சிட்டம்."

"ஆர் சொன்னது எடுக்கிறாங்கள் எண்டு? தறப்பாளுக்குள்ளை இருந்து கதைச்ச ஆளோ? அந்தாளின்ரை பேராவது தெரியுமோ உங்களுக்கு?"

பேர் தெரியாது அவருக்கு. என் இரண்டு வருடம், என் புள்ளிகள், தகுதிப் பட்டியலில் என் பெயர், எல்லாம் பேர் தெரியாத ஒருவரின் வாய்க்கு விலை போனது.

"எனக்கெண்டு நேத்தி வைக்க, என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கேட்டா நீ விட்டிருப்பியோ?"

மிஸ் சொன்னதைச் சொன்னேன். மாற்றினவர் வந்து ஒப்புக்கொள்ள வேணும் என்று. ஊசி நின்றது.  பிறகு சொன்னார், மெதுவாக, எனக்கு உதவி செய்கிற மாதிரி:

"அப்ப அந்தப் பெடியன்ரை பேரை எழுதிக் குடன். அவன்தானே பட்டனை அமத்தினவன்."

கத்தினேன். பக்கத்து வாடிக்காரர் எல்லோரும் பார்க்க. "உங்களை நம்பினதுக்கு அவன் கம்பஸை விட்டுப் போகவேணுமோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?" அப்பாவிடம் அப்படி ஒரு சொல் சொன்னது இதுதான் முதல். போனை நிலத்தில் அடித்தேன். மணல். உடையவும் இல்லை. அதற்கும் கோபம் வந்தது.


ஓகஸ்ட் 21, வியாழன்

அம்மாவுடன் பேச்சில்லை. அவரும் கூட்டு. ஆனால் அவருக்குத்தான் கோபமாம். "வாடியிலை நிண்டு கத்தி மானத்தை வாங்கிப்போட்டாய். சனம் என்ன சொல்லும்?"

சனம் சொன்னதைக் கேட்டுத்தானே இந்த நிலை என்றேன்.

தலையிடி. குழம்பில் உப்பில்லை, ஒருவரும் சொல்லவில்லை.

கடிதம், திரும்ப:
– சுதன் பெயர் வராமல்.
– "எனது தந்தையார் என்னிடம் கேளாமல், எனது கைபேசியைப் பயன்படுத்தி மாற்றுவித்தார்." ஒரு சொல்லும் பொய்யில்லை.
– கீழே அவருக்குக் கையெழுத்துக் கோடு.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். பேனையும். "நாளைக்கு முதல் பஸ். வந்தா வாங்கோ. வராட்டி கோடு வெறுமையாக் கிடக்க நான் கொண்டுபோய்க் குடுப்பன். அப்பன் வரமாட்டன் எண்டிட்டார் எண்டு மிஸ்ஸுக்குச் சொல்லுவன்."

வாசித்தார். எழுத்துக்கூட்டி, இரண்டு தரம். பேனையைத் தொடவில்லை.


ஓகஸ்ட் 22, வெள்ளி

பஸ் ஸ்ராண்டில் தனியேதான் ஏறினேன். பஸ் வெளிக்கிட்ட பிறகு நடத்துநர் கத்துகிறான், "ஐயா ஓடாதேங்கோ, நிப்பாட்டுறம்!" அப்பா. திருவிழாவுக்குப் போட்ட வெள்ளைச் சேட். செருப்பு ஒன்று கையில், வார் அறுந்து. எனக்கு இரண்டு சீற் பின்னால் இருந்தார். மதவாச்சியில் வடை வாங்கி நீட்டினார். வேண்டாம் என்றேன். பசித்தது.

மிஸ்ஸின் அறை. மிஸ் இருங்கோ என்றும் அப்பா இருக்கவில்லை, நின்றார். மிஸ் கடிதத்தை வாசித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஐயா, நீங்களோ மாத்துவிச்சது?"

அப்பா நிலத்தைப் பார்க்கிறார்.  சுதன் பெயர் வாயில் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தால் என்ன செய்வேன் என்றும் யோசித்துவிட்டேன்.

"ஓம் மிஸ். நான்தான். பிள்ளையைக் கேக்கேல்லை. வேறை ஆரிலும் பிழையில்லை."

கோட்டில் பெயரை எழுதினார். முழுப் பெயர், ஆறுதலாக, கோணாமல். மிஸ்ஸுக்கு மிச்சக் கதை விளங்கியிருக்கும். கேட்கவில்லை. விசாரணை என்ற சொல்லையும் எடுக்கவில்லை. ஒப்பம் வைக்கப் பேனையை எடுத்தார். எடுத்துவிட்டு, என்னை அல்ல, அவரைக் கேட்டார்:

"அப்ப ஐயா, பிள்ளையை நாலு வருசம் படிக்க விடுறீங்கள்தானே?"

நான் அங்கேதான் நிற்கிறேன். ஒரு கை தூரத்தில். பட்டியலில் இருக்கிறது என் பெயர். பரீட்சை எழுதினது நான்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு மிஸ்ஸை. "விடுறன் மிஸ்."

ஒப்பம். கந்தோர். நோனா இன்று 'ஹெட்ட' சொல்லவில்லை, அமத்தினார், முடிந்தது. நாலு வருட ஸ்பெஷல், திரையில் பச்சை எழுத்து. நன்றி சொன்னேன். ஆருக்கு என்று தெரியாமல் எல்லோருக்கும் சொன்னேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. என்னுடைய இடத்தை எனக்கு வாங்கித் தர, எடுத்த ஆளே வந்து 'விடுறன்' சொல்லவேண்டியிருந்தது.

சு.வுக்கு மெசேஜ்: "கிடைச்சிட்டுது. உனக்கு ஒண்டுமில்லை." அவன் ஒரு கும்பிடு போட்டான். பற்ச் குறூப்பில் அதற்குள் அடுத்த அறிவித்தல், செய்முறை வகுப்புத் தெரிவு வருகிறதாம், ஊரில் நிற்பவர்கள் பாஸ்வேர்ட் அனுப்பட்டாம். ஆட்கள் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் வந்து இருந்தார். செட்டிகுளம் தாண்டிய பிறகு: "நாலாம் வருசம் என்ன படிப்பினம், பிள்ளை?"

யன்னல் பக்கம் திரும்பி, போனில் பாஸ்வேர்டை மாற்றினேன். புதியது நீளம். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, சுதனுக்கும் தெரியாது. இங்கேயும் எழுதமாட்டேன்.