அம்மாவின் கையெழுத்துக்கு விட்ட இடம்

போடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அம்மாவும் நானும் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மருமகளும் அந்தக் குளிர் தேசத்தில் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் என் குரல் உனக்குக் கேட்பதில்லை, கேட்டாலும் முடிக்க விடாமல் குறுக்கே பேசுகிறாய், அதனால்தான் கடிதம். மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து போகப் போகச் சிறுத்துவிடும், வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவைப் பெரிதாக்கிப் படி.

என் நடுக்கத்துக்கு மூளையில் கம்பி வைக்கிற ஆபரேஷன் வேண்டாம், டிசம்பரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை, உன் பெரியப்பா ராஜமணியிடம் கேட்டிருக்கிறாய். தாத்தாவின் ஏலக்காய்க் கடையை முழுசாகத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டவனிடம் என் தலையைப் பற்றி யோசனை. இருக்கட்டும், இதையும் நான் மறக்கப்போவதில்லை.

உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். இந்த நடுக்க நோயில் தூக்கமும் கெட்டுவிடும், கனவில் செய்வதை உடம்பு நிஜமாகவே செய்துவிடும். என் கனவில் வருவது பெரும்பாலும் உன் பெரியப்பாதான். பிப்ரவரியில் ஒரு நாள் அவனுக்கு ஓங்கி ஒரு குத்து விட்டேன், விழித்துப் பார்த்தால் அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாங்க வேண்டியவன் வெள்ளை வேட்டியில் பஜாரில் திரிகிறான், வாங்கியவள் இவள். வீங்கிய கண்ணோடு சர்ச்சுக்குப் போனவளைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று விசாரிக்காமலே அவன் சபைக் கமிட்டியில், "எந் தம்பி பொண்டாட்டியப் போட்டு அடிக்கிறான், நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று சொல்லிவிட்டான். மூன்று பேர் பைபிளோடு வந்து, மனைவியிடம் அன்பு கூருவது பற்றி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததும் அம்மாதான்.

அந்த வெட்கத்தில் அவள் செய்த காரியத்தைக் கேள். மதுரையில் டாக்டர் என் தூக்கத்தைப் பற்றி அவளிடம்தான் விசாரித்தார். "அவுக நல்லாத் தூங்குறாக சார், ஒரு தொந்தரவும் இல்ல" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். நான்தான், "சார், இவ சொல்றது அத்தனையும் பொய், தூக்கத்துல நான் அடிச்சு இவ முழங்கையில இருக்கிற காயத்தப் பாருங்க" என்றேன். "இத மறைச்சா நான் என்னத்த வச்சும்மா முடிவு பண்றது" என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். பிறகு ஒரு ராத்திரி அங்கேயே என்னைப் படுக்கவைத்து, தலையெல்லாம் வயர் ஒட்டித் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள்.

அவர் ஆசை காட்டவில்லை. நோய் போகாது, இறுக்கமும் நடுக்கமும் குறையலாம், படுக்கையில் நானே புரண்டு படுக்கலாம், தூக்கம் அடிக்கடி அறுபடாது என்றார். கனவுச் சண்டை நிற்கும் என்று உறுதி தரவில்லை, அதற்குத் தனி மாத்திரை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தம் கசிகிற ஆபத்து உண்டு என்பதையும் ஒளிக்கவில்லை. நான் புரண்டு படுத்தால் போதும் ஜோஷ்வா. என்னைப் புரட்டிவிட அம்மா ராத்திரிக்கு ஐந்து தடவை எழுந்திருக்கிறாள், மூன்று வருஷமாக. போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் பரவியிருக்கிறது, இவள் பக்கத்தில் நின்றபடியே தூங்கியிருக்கிறாள். டிசம்பர் வரைக்கும் இவள் தாங்கமாட்டாள்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். பெரியப்பா கார் அனுப்புகிறானாம், வேண்டாம் என்றுவிட்டேன், ரயிலில் போவோம். சம்மதப் படிவத்தில் கை அடங்கியிருந்த நேரம் பார்த்து நான் கையெழுத்துப் போட்டாயிற்று. கீழே அம்மாவுக்கு விட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. "புள்ள அழுகுறான், அவன் ஒரு வார்த்த சொல்லட்டும்" என்கிறாள். அந்த வார்த்தையைச் சொல். எனக்காக வேண்டாம், அவளுக்காகச் சொல்.

கர்த்தர் உன்னையும் மருமகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. காதில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள். அம்மாவுக்குப் போன் பண்ணும்போது நாலு தடவை மணி அடித்ததும் வைத்துவிடாதே. எங்காவது உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். எடுக்கும் வரைக்கும் அடிக்க விடு.

இப்படிக்கு,
உன் அப்பா
இம்மானுவேல்